கோட்டைக் கதைகளும் கூலி ஏடுகளும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழ்கின்ற குடும்பங்களுள், தம் வம்சத்திலே படைச் சேவகம் செய்த ஒருவரைப் பற்றிய கதை வழங்காத குடும்பம் அரிது என்றே சொல்ல வேண்டும். இது வியப்பன்று. 1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு சுவாமி மலையிலே கோட்டை எழுப்பிய காலம் முதலாக, 1957இல் பிரித்தானியக் கடற்படை தன் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்ற காலம் வரையில், மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக இவ்வூர் ஏதேனும் ஓர் அந்நியச் சேனைக்கு உறைவிடமாகவே இருந்து வந்திருக்கிறது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கொடிகள் மாறின. ஒவ்வொரு கொடியின் கீழும் சம்பளத்துக்கு நின்றவர்களுள் தமிழரும் தெலுங்கரும் மலாயரும் ஆபிரிக்கரும் ஜெர்மானியரும் இருந்தனர். அவர்களிற் பலர் இங்கேயே மணம் புரிந்து, நிலம் வாங்கி, சந்ததி பெருக்கி மறைந்தனர். பூட்டன் சுபேதாராக இருந்தார், கொப்பாட்டன் கப்பற்படைத் தளபதியிடம் பதக்கம் பெற்றார் என்று வீட்டு முதியோர் சொல்லும் கதைகள் அவர்கள் விட்டுச் சென்ற ஆஸ்தி. அக்கதைகளை எவ்வளவு நம்பலாம், எந்த ஏட்டோடு வைத்து ஒப்பிடலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊர் அறிந்த கதை ஒன்றை முதலில் எடுத்துக்கொண்டால் வீட்டுக் கதைகளின் இயல்பு விளங்கும். சுவாமி மலையிலுள்ள பிரெடரிக் கோட்டைக்குள்ளே ஒரு பழைய மாளிகை இருக்கிறது. வாட்டர்லூ யுத்தத்தில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு, ஆர்தர் வெல்லெஸ்லி என்ற பெயருடன் இளம் கேணலாக இருந்த காலத்தில், நோயுற்று அம்மாளிகையிலே தங்கிவிட்டார் என்றும், அவர் ஏறவேண்டியிருந்த கப்பல் அவரில்லாமலே புறப்பட்டுக் கடலில் ஆழ்ந்துபோயிற்று என்றும், ஆகவே ஐரோப்பாவின் தலைவிதியே திருகோணமலைக் காய்ச்சல் ஒன்றினால் நிர்ணயிக்கப்பட்டது என்றும் சொல்லக் கேட்டிருக்கிறோம். கதையின் உறுப்புகளைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே மெய். வெல்லெஸ்லி 1800ஆம் ஆண்டு முடிவில் திருகோணமலைக்கு வந்தது மெய். 1801ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இங்கிருந்து அவர் எழுதிய கடிதங்கள் அச்சேறியிருக்கின்றன. அவர் நோயுற்றது மெய். அவர் செல்லவிருந்த சூசானா என்னும் கப்பல் செங்கடலிலே சகலரோடும் அழிந்ததும் மெய். ஆனால் அவரைக் காய்ச்சலும் தோல் நோயும் பீடித்தது பம்பாயில். எகிப்துக்குச் செல்லும் படையோடு இங்கிருந்து பம்பாய்க்குப் போய்ச் சேர்ந்த பின்னரே அவர் படுக்கையில் விழுந்தார். கப்பல் தவறியதும் அங்கேதான்.

இங்கே கவனிக்க வேண்டியது, கதை எங்கே பிசகியது என்பதைக் காட்டிலும், ஏன் அவ்விடத்தில் பிசகியது என்பதாகும். எந்த மனிதனும் பொய் சொல்ல வேண்டுமென்று நினைத்து இக்கதையைத் திரிக்கவில்லை. கண்முன்னே ஒரு வீடு நிற்கிறது. இவ்வூரில் அம்மனிதர் தங்கியதும் நிச்சயம். எங்கோ பம்பாயில் நடந்த நோயும் பிழைப்பும் மெள்ள மெள்ள நகர்ந்து வந்து, கைதொட்டுக் காட்டக்கூடிய அந்தச் சுவர்களுக்குள்ளே குடியேறிவிட்டன. குடும்பக் கதைகளும் இவ்வாறே நகர்கின்றன. வீட்டிலே ஒரு வாள் இருந்தால் மூன்று தலைமுறைகளின் வீரமெல்லாம் அந்த வாளைப் பிடித்த ஒருவரிடமே போய்ச் சேரும். ஒரு கல்லறை இருந்தால் அங்கேயே அவர் போரிட்டு மாண்டார் என்று ஆகும்.

கல்லறையைச் சொன்னதும் இன்னொருவரை நினைக்காமலிருக்க முடியவில்லை. திருகோணமலை நகரின் பழைய ஐரோப்பியர் மயானத்தில் ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்டின் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஆங்கில நாவல் உலகில் அழியாப் புகழ் பெற்ற ஜேன் ஒஸ்டினுடைய தம்பி அவர். கல்லை மட்டும் கண்டு செல்லும் யாத்திரிகர் அவர் இத்துறைமுகத்திலே உயிர் நீத்தார் என்று எண்ணினால் அதிற் குற்றமில்லை. ஆயினும் அவர் மரித்தது பர்மாவில். இரண்டாம் பர்மிய யுத்தத்தில் பிரித்தானியக் கடற்படைக்குத் தலைமை தாங்கி, எழுபத்து மூன்று வயதில் ஐராவதி நதியின் மேல் புளூட்டோ என்னும் நீராவிக் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோது, 1852 ஒக்டோபர் 7ஆம் திகதி வாந்திபேதி கண்டு இறந்தார். உடல் இங்கே கொண்டுவரப்பட்டது. அட்மிரலுக்கு அவ்வாறு செய்தார்கள்; கூடச் சென்ற மாலுமிகளுக்கும் சிப்பாய்களுக்கும் அவ்வாறு செய்வாரில்லை. கல்லறை இருக்குமிடம் வேறு, மரண ஸ்தலம் வேறு, சேவை செய்த இடம் வேறு என்று மூன்றையும் பிரித்து வைத்துக்கொள்ளாதவர் ஆராய்ச்சியில் முதலடியிலேயே வழி தவறுவார். இலங்கையிலுள்ள இத்தகைய கல்லறை எழுத்துகளையெல்லாம் சிவில் உத்தியோகத்தரான பென்றி லூயிஸ் தொகுத்து 1913இல் வெளியிட்ட நூல், காற்றும் உப்பும் அரித்துவிட்ட கற்களுக்கு இன்று பதிலாக நிற்கிறது.

கதையை நிறுத்துப் பார்ப்பதற்கு முதற் கருவி காலம். கோட்டைச் சண்டையிலே கொப்பாட்டன் இருந்தார் என்று ஒருவர் சொன்னால், எந்தக் கோட்டைச் சண்டை என்று கேட்க வேண்டும். 1782 ஜனவரியில் அட்மிரல் ஹியூஸின் ஆங்கிலக் கப்பற்படை இத்துறையை ஒல்லாந்தரிடமிருந்து பறித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் முடிவில் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரென் அதனை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். சமாதான உடன்படிக்கையின்பின் அது மீண்டும் ஒல்லாந்தர் கைக்கே போயிற்று. எட்டு மாதத்துக்குள் ஒரே கோட்டை வாசலில் தாக்கியவர் காத்தவராகவும், காத்தவர் கைதியாகவும் மாறினர். பின்னர் 1795 ஆகஸ்டில் அட்மிரல் ரெயினியரின் கப்பல்களில் வந்திறங்கிய கேணல் ஸ்டுவர்ட்டின் படை முற்றுகையிட்டு, 26ஆம் திகதி கோட்டையைச் சரணடையச் செய்தது. துறைமுக வாயிலைக் காத்த ஒஸ்டன்பர்க் கோட்டை சில தினங்களில் பணிந்தது. இம்முற்றுகைக்குப் படைகளை இறக்க வந்த டயோமீட் என்னும் போர்க்கப்பல் நீரடியிற் கிடந்த பாறையில் மோதி அழிந்தது. கோட்டைக்குப் பிரெடரிக் என்ற பெயர் வந்ததோ 1803இல். ஆகவே 'பிரெடரிக் கோட்டையை ஒல்லாந்தருக்காகக் காத்தவர்' என்று ஒரு குடும்பக் குறிப்பு கூறுமானால், அந்த வாக்கியம் பிற்காலத்தவரால் எழுதப்பட்டது என்பது மட்டுமே உறுதி. அந்த மனிதர் இருந்ததே பொய் என்று முடிவுகட்ட அது போதாது.

இரண்டாவது கருவி பதக்கம். 1795இலும் 1796இலும் இலங்கையைக் கைப்பற்றியதற்காகக் கிழக்கிந்தியக் கும்பனி ஒரு பதக்கம் அடித்தது. இரண்டு பொன்னாலும் 121 வெள்ளியாலும் ஆனவை. ஒருபுறம் ஆங்கிலத்திலும் மறுபுறம் பாரசீகத்திலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டன. அவை அனைத்தும் வங்காளப் பீரங்கிப் படையின் இந்தியச் சேவகருக்கே வழங்கப்பட்டன. மதராஸிலிருந்து வந்த சிப்பாய் எவருக்கும் அப்பதக்கம் கிடைக்கவில்லை. காட்டையும் கடற்கரையையும் கடந்து பீரங்கிகளை இழுத்தவர்களும், முற்றுகைக் குழி வெட்டியவர்களும், காய்ச்சலில் கிடந்தவர்களும் வெறுங்கையோடு போயினர் என்பதை எண்ணும்போது மனம் வேதனைப்படுகிறது. எனவே தமிழ்க் குடும்பம் ஒன்றில், கோட்டையைப் பிடித்ததற்குக் கும்பனி கொடுத்த பதக்கம் ஒன்று இருந்து தொலைந்துபோயிற்று என்று சொல்லப்பட்டால், அது பெரும்பாலும் வேறொரு யுத்தத்துக்குரிய பதக்கமாக இருக்க வேண்டும். பதக்கம் கையிலிருந்தாலோ, விளிம்பைப் பார்க்க வேண்டும். முதலாம் உலக யுத்தப் பிரித்தானியப் பதக்கங்களின் விளிம்பில் பெற்றவரின் பெயரும் இலக்கமும் படைப்பிரிவும் வெட்டப்பட்டிருக்கும். இரண்டாம் யுத்தத்துக்குப் பிரித்தானிய அரசு கொடுத்தவற்றில் பொதுவாக விளிம்பு வெறுமையாகவே இருக்கும்.

இனி, ஏடுகளைத் தேடிப் போகிறவர் மறக்கக்கூடாத ஒரு நியதி உண்டு. அரசுகள் வீரத்தை நினைவுகூர்வதற்காக ஏடு வைப்பதில்லை. பணம் கொடுப்பதற்காகவே வைக்கின்றன. யார் சம்பளம் கொடுத்தாரோ அவர் வீட்டுப் பெட்டகத்திலேதான் சேவகன் பெயர் கிடக்கும். இந்நியதியைப் பிடித்துக்கொண்டால் எந்த நகருக்குப் போவது என்ற பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

ஒல்லாந்தக் கும்பனியை நோக்குவோம். அது தன் கப்பல்தோறும் சம்பளப் பேரேடு வைத்திருந்தது; பதினெட்டாம் நூற்றாண்டுக்குரிய அப்பேரேடுகள் ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பெருந்தொகையாக இருக்கின்றன. ஒவ்வொரு மனிதனுக்கும் பெயர், சொந்த ஊர், வந்த கப்பல், பதவி, மாதச் சம்பளம், பற்று வரவு, கணக்கு எவ்விதம் முடிந்தது என்பவை எழுதப்பட்டன. சாதாரணப் படைவீரனுக்கு மாதம் 9 கில்டர். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வாழும் பறங்கியக் குடும்பங்களிற் பலவற்றின் ஆதி புருஷர் இந்த 9 கில்டர்க்காரரே. அவர்களிற் கணிசமானோர் ஒல்லாந்தருமல்லர், ஜெர்மானியச் சிற்றூர்களிலிருந்து பிழைப்புத் தேடி ஆம்ஸ்டர்டாமுக்கு வந்தவர்கள். 1908இல் கொழும்பில் அமைந்த ஒல்லாந்தப் பறங்கியர் சங்கமும், அதன் முதல்வராக விளங்கிய அரசாங்க ஆவணக் காப்பாளர் ஆர். ஜி. அந்தோனிஸும், சங்கச் சஞ்சிகையில் வெளிவந்த வம்சாவளிகளும் செய்த அரும்பணி, பிரபுவம்சக் கனவுகளை ஒதுக்கிவிட்டு, கப்பற் பெயரும் ஊர்ப் பெயரும் கொண்ட உண்மையான மனிதர்களை அக்குடும்பங்களுக்கு மீட்டுக் கொடுத்தமையாகும். பிரபுவின் வழித்தோன்றல் என்று இருப்பதைவிட, பத்தொன்பது வயதில் ஆறு மாதக் கடல் கடந்து வந்து பிழைத்த ஏழை வீரனின் வழித்தோன்றல் என்று அறிவது குறைவானது என்று நான் கருதவில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் விஷயம் சற்றுச் சிக்கலானது. 1796 முதல் இலங்கையின் கரையோரம் மதராஸ் அரசாங்கத்தின் கீழ் இருந்தது. 1798இல் பிரெடரிக் நோர்த் தேசாதிபதியாக வந்தபின்னும் ஆங்கிலக் கும்பனியின் அதிகாரம் முற்றாக நீங்கவில்லை. 1802இலேதான் இது முழு முடியாட்சிக் குடியேற்ற நாடாயிற்று. ஆகையால் அந்தச் சில ஆண்டுகளின் திருகோணமலையைத் தேடுவோர் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தோடு நின்றுவிடாமல், சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தையும் நாட வேண்டும். அதிலும் ஒரு பேதம் உண்டு. கும்பனியின் ஐரோப்பியச் சோல்ஜர் பெயர் லண்டனுக்குப் போயிற்று. சாதாரண இந்தியச் சிப்பாயின் பெயர் பெரும்பாலும் அவன் பட்டாளத்தோடேயே நின்று, பட்டாளம் கலைந்தபோது காகிதமும் கலைந்தது.

மலாயருக்கோ விதி வேறுவிதமாக அமைந்தது. ஒல்லாந்தரிடம் சேவகம் செய்த ஜாவா, மலாயா தேசத்து வீரர்களை ஆங்கிலேயர் தம் பக்கம் சேர்த்துக்கொண்டு ஒரு ரெஜிமென்ட் அமைத்தனர்; கோவாவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களைக் கொண்டும் படைகள் அமைந்தன. இவை பின்னர் இலங்கை ரைபிள் ரெஜிமென்ட் என்ற பெயரோடு 1873 வரை நிலவின. இந்த ரெஜிமென்ட் கும்பனியுடையதன்று, பிரித்தானிய அரச சேனையின் அங்கம். ஆகவே அதன் சம்பளப் பட்டியல்கள் லண்டனுக்குச் சென்று, இன்று கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இதன் பலன் விசித்திரமானது. ஒரே ஆண்டில், ஒரே கோட்டை மதிலில், அருகருகே காவல் நின்றவர்களுள் மலாய வீரனின் பெயரைக் காலாண்டுக்குக் காலாண்டு தொடர்ந்து படிக்கலாம். தமிழ்ச் சிப்பாயின் பெயரைக் காண்பதோ துர்லபம். கலாநிதி பா. அ. ஹுசைன்மியா மலாயப் படையைப் பற்றி எழுதி 1990இல் வெளியான 'ஒராங் ரெஜிமென்' என்ற நூலை இத்துறையில் ஈடுபடுவோர் அவசியம் படிக்க வேண்டும். வீட்டிலே வழங்கும் நம்பமுடியாத கதை சில சமயம் மெய்யாவதற்கும் இந்த ரெஜிமென்டே உதாரணம். தங்கள் முன்னோர் சீன தேசத்தில் காவல் இருந்தார் என்று ஒரு மலாயக் குடும்பத்து முதியவர் சொன்னால் கேட்போர் புன்னகை செய்யக்கூடும். ஆனால் 1847 முதல் 1854 வரை இலங்கை ரைபிள் படையின் பிரிவு ஒன்று ஹொங்கொங்கில் காவற்சேவை புரிந்தது என்பது சரித்திரம்.

ஏடுகள் எவரை நினைவில் வைக்கின்றன என்பதற்கு 1804ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கண்டிமீது நடத்திய படையெடுப்பைக் காட்டிலும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டன் மட்டக்களப்பிலிருந்து ஏறக்குறைய 300 பேர் கொண்ட படையோடு செப்டம்பரில் புறப்பட்டார். பல திசைகளிலிருந்தும் படைகள் ஒரே வேளையில் கண்டியில் கூடவேண்டுமென்ற திட்டம் கைவிடப்பட்டுவிட்டது. அவருக்கு வந்த உத்தரவோ இருபொருள் படும்படி இருந்தது. அவர் தனியே கண்டிக்குட் புகுந்து, வேறெவரும் வராததைக் கண்டு, பகைவர் காடுகளினூடே போரிட்டுக்கொண்டே பின்வாங்கி, ஒக்டோபர் மாதத்தில் திருகோணமலை வந்து சேர்ந்தார். பின்னர் 1810இல் அதனை ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். அப்படையில் ஆங்கிலேயர் சிறுபான்மை. பெரும்பான்மையோர் மலாயரும் சிப்பாய்களும். அவர்களுக்கு மேலாகச் சுமை தூக்கியவர்கள் இருந்தனர். காயம்பட்டோரைத் தோளிலே சுமந்து, உணவின்றி, மழையிலும் அட்டைக்கடியிலும் நடந்து தம்பலகாமத்துப் பக்கத்து வெளிகளைக் கண்டபோது அவர்கள் அடைந்திருக்கக்கூடிய ஆறுதலை நாம் ஊகிக்கலாம். அவர்கள் பெயர்களை ஊகிக்க இயலாது. கொட்டியாரப் பற்றிலோ தம்பலகாமத்திலோ ஒரு வீட்டில், 'எங்கள் பூட்டனுக்குப் பூட்டன் கண்டிக்குப் போய் உயிரோடு திரும்பியவர்' என்ற ஒரு வரி எஞ்சியிருக்குமானால், அவ்வரியைச் சான்றில்லை என்று தள்ளுவதற்கு எனக்குத் துணிவு வராது. யாரிடம் கேட்டது, எந்த ஆண்டில் கேட்டது, அவர் யாரிடம் கேட்டார் என்ற விவரங்களோடு அதனை எழுதி வைக்க வேண்டும்; அவ்வாறு எழுதப்பட்டால் அதுவும் ஓர் ஏடே.

நம் கண்ணெதிரிலேயே கதையாகிக்கொண்டிருப்பது 1942ஆம் ஆண்டு. ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. துறைமுகம் நிறைந்த கப்பல்கள் தீப்பற்றி எரிந்தன என்று பலர் சொல்வர். தேடல் விமானம் முன்கூட்டியே தந்த எச்சரிக்கையால், புறப்படக்கூடிய கப்பல்கள் முதல்நாள் இரவே வெளியே அனுப்பப்பட்டுவிட்டன. உள்ளே நின்றவற்றுள் சகாயிங் என்னும் சரக்குக் கப்பல் எரிந்தது, எரிபஸ் என்னும் போர்க்கப்பல் சேதமுற்றது. வெளியே தப்பிச் சென்ற ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலே, தன் விமானங்களைக் கரையில் விட்டுச் சென்ற நிலையில், மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டு 307 பேரைப் பலிகொடுத்தது. அவ்வாறு கடலில் மாண்ட பிரித்தானிய மாலுமிகளின் பெயர்களை நிலாவெளி வீதியிலுள்ள யுத்த மயானத்தில் தேடுவது வீண். அவை இங்கிலாந்தில் பிளிமத், போர்ட்ஸ்மத், சத்தம் ஆகிய துறைமுகங்களின் நினைவுச் சின்னங்களில் இருக்கின்றன. எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேல் ஜப்பானிய விமானம் வந்து மோதித் தாங்கி நாட்கணக்காக எரிந்தது என்பதையும் ஊர் மறக்கவில்லை. அதை ஓட்டியவர் தற்கொலைப் படையைச் சேர்ந்தவர் என்று சேர்த்துச் சொல்லும்போதுதான் நாம் நிறுத்திக் கேட்க வேண்டும். அத்தகைய படை முறையாக அமைந்தது 1944 ஒக்டோபரில், பிலிப்பைன்ஸ் தீவுகளில். இரண்டரை ஆண்டுக்கு முந்தைய மோதலுக்குப் பிந்தைய பெயர், கேட்ட செய்திகளோடு கலந்து ஒட்டிக்கொண்டது.

இக்காலத்துக் குடும்பக் கதைகளில் 'அப்பப்பா நேவியில் இருந்தவர்' என்பது மிகப் பரவலானது. இதற்குள்ளே குறைந்தபட்சம் மூன்று வெவ்வேறு வாழ்க்கைகள் அடங்கும். 1938இல் தொடங்கிய இலங்கைக் கடற்படைத் தொண்டர் படையிற் சேர்ந்து, அது 1943இல் பிரித்தானியக் கடற்படையின் தொண்டர் சேமப்படையாக உள்வாங்கப்பட்டபோது அதில் நின்றவராக இருக்கலாம்; 1950 டிசம்பர் 9இல் உருவான இலங்கை அரச கடற்படையைச் சேர்ந்தவராக இருக்கலாம்; அல்லது சீருடையே அணியாமல் டொக்யாட்டில் கொல்லராக, தச்சராக, எழுதுவினைஞராக, நிலக்கரி சுமப்பவராக உழைத்தவராக இருக்கலாம். முதலிருவருக்கும் சேவை இலக்கமும் விடுவிப்புப் பத்திரமும் இருக்கும். மூன்றாமவரை வீரர் பட்டியலில் தேடிக் காணாமல், கதை பொய் என்று பேரப்பிள்ளைகள் மனம் சோர்வதைக் கண்டிருக்கிறேன். சோர்வுக்கு இடமில்லை. குண்டு விழுந்த காலையில் ஊரே காட்டுப்பக்கம் ஓடியபோதும், பின்னர் திரும்பி வந்து கப்பல்களைச் செப்பனிட்ட கைகள் அவர்களுடையவை. பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை சேவையில் இறந்தோரைப் பதிந்திருக்கிறது. உயிரோடு ஓய்வுபெற்ற தொழிலாளியை அது பதியாது. அவருக்கு ஏடு அவருடைய அனுமதிச் சீட்டும், பணிக்கொடைக் கடிதமும், உவர்மலையிலோ பாலையூற்றிலோ அவர் சேமித்த பணத்தில் வாங்கிய காணியின் உறுதியும், தேவாலயத்து விவாகப் பதிவில் தொழில் என்ற கட்டத்தில் எழுதப்பட்டிருக்கும் ஒரு சொல்லுமேயாகும்.

இவற்றிற் பெரும்பகுதி காப்பகங்களில் இல்லை, வீடுகளில் இருந்தது. 1957இல் பிரித்தானியர் தளத்தைக் கைவிட்டபோது வேலையிழந்தவர்களுள் பலர் வேறு ஊர்களுக்குப் பெயர்ந்தனர். பிற்காலத்தில் நேர்ந்த கலவரங்களும் யுத்தமும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளும் இம்மாவட்டத்து வீடுகளையும் பெட்டிகளையும் பலமுறை அழித்தன. ஆதலால் இன்று ஒருவர் தம் பூட்டனைத் தேடத் தொடங்கினால், கியூவுக்கும் ஹேக்குக்கும் விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னே, கனடாவிலோ கொழும்பிலோ இருக்கும் பெரியம்மாவிடம் பழைய உறுதியின் பிரதி உண்டா என்று கேட்பதும், அவர் சொல்லும் கதையை அவர் சொன்ன சொற்களிலேயே, திருத்தாமல், திகதியிட்டு எழுதிக்கொள்வதும் முதலிற் செய்யவேண்டிய காரியங்கள். பதவியும் ஆண்டும் அவர் வாயில் மாறியிருக்கலாம்; எந்தத் துறையில் இறங்கினார், எந்த வீதியில் குடியிருந்தார், யாருடைய மகளை மணந்தார் என்பவை பெரும்பாலும் மாறியிரா. காப்பகத்து எழுதுவினைஞர் தம் செவியில் விழுந்தபடி உருமாற்றி எழுதிய ஒரு பெயர், நம்முடையவர் பெயர்தான் என்று நிச்சயப்படுத்த உதவுவன அந்தத் துறையும் வீதியும் பெண்வழிச் சொந்தமுமே.